நீலத் தோலும் முனியம்மாளின் மாடும்

மாடு கிணற்றடிச் சரிவின் பாதியில் முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்துவிட்டது.

நுகத்தில் பூட்டியிருந்த மற்ற மாடு பின்னுக்கு இழுபட்டது. வடம் தளர்ந்தது. கிணற்றுக்குள் பாதி ஏறியிருந்த தோல் சால் சுவரில் இடித்து, தண்ணீரையெல்லாம் கொட்டிக்கொண்டு கீழே போய் விழுந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

முனியம்மாள் ஓடிப்போய் மாட்டின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். ஈறும் நாக்கும் வெந்துபோன மாதிரி சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. எச்சில் நூலாக வடிந்தது. கண்ணோரத்தில் சீழ்.

வரப்பில் நின்ற ஒருவர், உரக்கக்கூட இல்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னார்: "நீலத் தண்ணி."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தத் தோல் சாலை விற்றவன் நான்.

கேள்வி கேட்ட பிள்ளைகள்

வேலூரில் வியாபார வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் பாடம் சொல்கிறேன். கணக்கு எழுதுவது, கடிதப் போக்குவரத்து இவற்றோடு விற்பனை பற்றியும் சொல்லவேண்டும். "ஒரு பொருளுக்குச் சந்தை பிடிப்பது என்றால் என்ன சார்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப் போட என்னிடம் சில வாக்கியங்கள் உண்டு. எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மாட்டின் வாய்தான் கண்ணில் வரும்.

சென்ற வாரம், ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அதற்கு அடுத்த கதை. ஜெர்மன் சண்டைக்கு முந்தைய வருஷங்கள். எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்த சமயம்.

ஊர்ப்பக்கம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கவலை என்பது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் ஏற்பாடு. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, வடத்தின் மறுமுனையில் ஒரு பெரிய தோல் பை நிரம்பி மேலே வரும். அந்தப் பைதான் சால். மனசில் வரும் கவலைக்கும் இதற்கும் ஒரே பெயர் எப்படி வந்ததோ எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

ஹாஜியார் சொன்னது

எங்கள் ஷாப்பு முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்போம். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைச் சென்னைக்கு அனுப்புவோம். அங்கிருந்து கப்பலில் சீமைக்குப் போகும். அதை யார் வாங்குகிறார்கள், வாங்கி என்ன செய்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சீமையில் வேண்டாம் என்றால் இங்கே தோல் மலையாகக் குவியும். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு முற்றத்தில் நடப்பார். அவர் நடக்க ஆரம்பித்தால் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படி ஒரு மந்தத்தில்தான் குரோம் என்ற மருந்தில் தோலைப் பதனிடும் புது முறையை அவர் பிடித்தார். தோல் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில் வந்தது. தண்ணீரில் கிடந்தாலும் அழுகாது. பட்டைத் தோலில் தைத்த சால் ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிது. இது பல கோடைக்கு உழைக்கும் என்றார்கள்.

"கரீம், சீமைக்காரன நம்பி எத்தினி நாள் உக்கார்றது? ரொம்ப பேஜாராப் போச்சு. நம்ம ஜில்லாவுல கிணறு கம்மியா? கிணத்துக்குக் கிணறு சால் வேணும். நீ போய் வித்துட்டு வா" என்றார் ஹாஜியார்.

விற்பனையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அவ்வளவுதான். விற்றுவிட்டு வா.

புறப்படுவதற்கு முன் குரோம் தொட்டிப் பக்கம் போனேன். அங்கே வேலை செய்த சின்னப்பன் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். விரல் மூட்டுகளின் மேலும் நகத்தை ஒட்டியும் சின்னச் சின்னக் குழிகள். ஆணி முனையால் தோண்டி எடுத்த மாதிரி.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்கல தம்பி. அதான் பயமா இருக்குது."

நான் நேரே ஹாஜியாரிடம் போனேன். சின்னப்பனின் விரலைச் சொன்னேன்.

"தொட்டித் தண்ணி வேற, தோல் வேற. அலசி அலசித்தான எடுக்கறோம்?"

"அந்தச் சால்ல எறைக்கிற தண்ணிய மாடு குடிக்கலாமா ஹாஜியார்?"

"ஏன் குடிக்கக் கூடாது?"

அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. சின்னப்பனை மட்டும் அந்த வாரமே பட்டைத் தொட்டிக்கு மாற்றினார். அது எனக்கு இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது.

லாங் பஜாரில் கூவியது

முதலில் வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். ஒரு தள்ளுவண்டியில் சால்களை அடுக்கி, தமுக்கு அடிக்க ஒரு ஆளை வைத்து, "அழுகாத சால்! கிழியாத சால்!" என்று கூவினேன். கூட்டம் கூடியது. தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னா சாமான் இது? பாம்புத் தோலா?" என்றார் ஒருவர்.

இன்னொருவர் இரக்கப்பட்டுச் சொன்னார்: "சாயபு, சால் தைக்கிறவரு எங்க ஊர்லயே இருக்காரு. கிணத்தாண்டயே வந்து தெச்சிக் குடுப்பாரு. நான் இங்க மாப்ளைக்கு வேட்டி வாங்க வந்தேன். இங்க வந்து எவன் சால் வாங்குவான்?"

எந்தப் பொருளை எந்த இடத்தில் நின்று விற்பது என்ற அத்தியாயத்தை நான் பிள்ளைகளுக்கு இந்த மனிதரின் வேட்டியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அதன் பிறகு ஊர் ஊராக, கிணறு கிணறாக நடந்தேன். விலையைக் கேட்டதும் முகம் மாறும். பழைய சாலின் விலையைப் போல இரண்டு மடங்கு. "மூணு வருசம் உழைக்கும்" என்பேன். "மூணு வருசம் கழிச்சி நீ இருப்பியா?" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அந்த வருஷம் எங்கள் தெருவில் காலரா வந்து போயிருந்தது.

நடக்க நடக்க ஒன்று புரிந்தது. யாருக்கும் சால் வேண்டியிருக்கவில்லை. சித்திரை வெயிலில், தண்ணீர் பாதி வயலுக்குப் போயிருக்கும்போது, சால் கிழிந்து போகாமல் இருக்கவேண்டும். அதுதான் அவர்கள் ராத்தூக்கத்தைக் கெடுத்த விஷயம். நானோ தோலின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

முனியம்மாள் அதை எனக்குச் சொல்லாமலே புரியவைத்தவள். ஏலகிரி மலையடியில், திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு ஊர். புருஷன் இல்லை. ஒரு மகள். ஒரு கிணறு, கேழ்வரகும் மிளகாயும் போட்ட கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு. நான் போன அன்று அவளுடைய பழைய சால் வாயைப் பிளந்துகொண்டு கிணற்றடியில் கிடந்தது. சால் தைக்கிறவர் தோல் கிடைக்காமல் கையை விரித்திருந்தார்.

அவள் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னிக்கே கட்டலாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து கட்டிக் கொடுத்தேன். நீலச் சால் முதல் முறை நிரம்பி மேலே வந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் மகள் மட்டும் வாய்க்காலில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்தாள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சின்னப்பனின் விரல் ஞாபகம் வந்தது.

சில வாரம் கழித்து, சால் எப்படி உழைக்கிறது என்று பார்க்கப் போன அன்றுதான் மாடு உட்கார்ந்தது.

"விஷமா, இல்லயா?"

மணியக்காரரைக் கூட்டி வந்தார்கள். பெரியவர், நிதானமானவர். மாட்டின் வாயைப் பார்த்தார். கிணற்றிலிருந்து சாலை ஏற்றச் சொல்லி அதையும் பார்த்தார். தொடவில்லை.

"சாயபு எங்கயும் போவக் கூடாது" என்றார். யாரோ என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

பயத்தில் மனிதனுக்குக் கூத்து தோன்றும். நான் சாலுக்குள் மிச்சமிருந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளினேன். "பாருங்க, நானே குடிக்கிறேன். ஒண்ணும் ஆகாது" என்று குடித்தேன். தோல் வாசனையும் ஏதோ துருவின் ருசியும்.

ஒருவரும் அசையவில்லை. "மாடு ஒரு மாசமா குடிச்சிது. நீ ஒரு வாய் குடிச்சா ஆச்சா?" என்றது ஒரு குரல்.

முனியம்மாள் மாட்டின் தலையை மடியில் வைத்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"குடிச்சிக் காட்டறதெல்லாம் வேணாம். என் பொண்ணும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிது. நெசத்தச் சொல்லு சாயபு. இது விஷமா, இல்லயா?"

மகள் அவளுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. வெயிலால் காய்ந்ததா என்று என் மனம் ஓடியது.

விற்கப் போகிறவனுக்கு வாயில் எப்போதும் தயாராக ஒரு பதில் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தக் குழந்தையின் முகத்துக்கு எதிரே அது வெளியே வரவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "விஷம் இல்லன்னு எங்க முதலாளி நம்பறாரு. நானும் நம்பித்தான் கொண்டாந்தேன். ஆனா தெரியாது."

கூட்டம் ஒரே சமயத்தில் சத்தம் போட்டது. ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். என் குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. இவர்கள் என்னை இந்தக் கிணற்றிலேயே தள்ளினால் ஆம்பூருக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்தேன்.

"உடுங்க அந்தாள" என்றாள் முனியம்மாள். "தெரியாதுன்னு சொல்றவன அடிச்சி இன்னா ஆவப்போவுது? தெரியற வரைக்கும் இங்கயே கிடக்கட்டும். மாட்டுக்குக் கஞ்சி ஊத்த எனக்கும் ஒரு ஆள் வேணும்."

மாட்டுக் கொட்டகையில்

அவள் கொட்டகையில் நான் இருந்த நாட்களை எண்ணவில்லை. மாடு மேயவில்லை. கஞ்சியை மூங்கில் குழாயில் ஊற்றினால் பாதி வெளியே வந்தது. கழிச்சல் நிற்கவில்லை. அதன் மூச்சுச் சத்தம் கொல்லன் துருத்தி போல இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் வேலையாக நான் மகளைக் கூப்பிட்டு, ஏதாவது பேச்சுக் கொடுத்து, அவள் வாயையும் கையையும் பார்ப்பேன். பிறகு திரும்பி நின்று என் விரல்களைப் பார்த்துக்கொள்வேன்.

முனியம்மாள் இதைக் கவனித்திருக்கிறாள். "அவ நல்லாத்தான் இருக்கா. நீ சாப்புடு" என்று கேழ்வரகுக் களியை முன்னால் வைத்தாள்.

ஒரு மத்தியானம் மாடு செத்தது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. அதன் கழுத்து மணியைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.

மறுநாள் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வந்தது. அங்கே இரண்டு வீடுகளில் மாடு படுத்துவிட்டதாம். அதே வாய், அதே கழிச்சல். அவர்கள் கிணற்றில் பழைய பட்டைத் தோல் சால்தான். மணியக்காரரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாட்டுக்கு மாடு தொற்றும் வெக்கை நோய். திருப்பத்தூர் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தது என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. யாரோ ஒரு குடியானவன் வீட்டில் மாடு சாகிறது, நான் சந்தோஷப்படுகிறேன். அந்த உணர்ச்சியை நினைத்தால் எனக்கு இன்றும் என்னிடமே பயமாக இருக்கிறது.

மணியக்காரர் என்னைப் போகச் சொன்னார். ஆனால் போகும் வழியெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நோயின் பெயர் தெரிந்துவிட்டது; நீலத்தின் பயம் போகவில்லை. பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். குற்றமில்லை என்று நிரூபித்துவிட்டால் சரக்கு விற்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பயந்தவன் நிரூபணத்தைக் காதில் வாங்குவதில்லை. தன்னைப் போன்ற இன்னொருவர் அதே பொருளை வைத்துக்கொண்டு எப்படி வாழ்கிறார் என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒற்றை மாடு

கவலைக்கு இரண்டு மாடு வேண்டும். முனியம்மாளிடம் ஒன்றுதான் மிச்சம். நல்ல வேளையாக அது நோயில் விழவில்லை. ஆனால் வயல் காய்ந்துகொண்டிருந்தது.

ஆம்பூர் போனதும் ஹாஜியாரிடம் கேட்டேன். ஷாப்பில் தண்ணீர் இறைக்க நாலைந்து மாடுகள் இருந்தன. ஒன்றை அவளுக்கு அனுப்பவேண்டும்.

"பைத்தியமா உனக்கு?" என்றார். "மாடு குடுத்தா நம்ம சால்தான் கொன்னுச்சின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. ஜில்லா பூரா வந்து மாடு கேப்பான்."

"குடுக்கலன்னா அந்த வயல் காஞ்சிடும் ஹாஜியார். காஞ்ச வயலுக்கு நடுவுல நம்ம நீலச் சால் தொங்கும். போறவன் வர்றவன் எல்லாம் அதத்தான் பாப்பான்."

அவர் எழுந்து முற்றத்தில் நடந்தார். நான் கதவோரம் நின்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் மாவுப் பாத்திரம் வரை கண் முன்னால் வந்து போயிற்று.

கடைசியில், "வெள்ளையன் மாட்ட ஓட்டிட்டுப் போ. தானம்னு சொல்லாத, நஷ்டஈடுன்னும் சொல்லாத" என்றார்.

"பின்ன இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. கட்டிட்டு வா."

வெள்ளையனோடு போனால், நோய்க்காலத்தில் வெளி மாட்டை ஊருக்குள் விடமாட்டோம் என்று எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். புளிய மரத்தடியில் மாட்டோடு நானும் காத்துக் கிடந்தேன். தினம் அதன் வாயைத் திறந்து பார்ப்பேன். அதற்குள் மிளகாய் பூராவும் வாடிவிட்டது. கேழ்வரகில் பாதிதான் தப்பியது. முனியம்மாள் எல்லைக்கு வந்து, தூரத்தில் நின்று மாட்டைப் பார்த்துவிட்டுப் போவாள்.

நோய் ஓய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்துப் பூட்டினோம். நீலச் சால் நிரம்பி மேலே வந்தது. பார்க்க யாரும் வரவில்லை.

திருப்பத்தூர்ச் சந்தை

மழைக்குப் பிறகு, சந்தை மறுபடி கூடியபோது, நான் மூன்று நான்கு சால்களோடு ஒரு ஓரத்தில் நின்றேன். எனக்கும் மற்ற கடைகளுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது.

ஒரு குடியானவர், ஐம்பது வயசு இருக்கும், தூரத்திலிருந்து வெகுநேரம் சாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கிட்டே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து முனியம்மாளின் குரல் கேட்டது. மிளகாய் விதை வாங்க வந்திருக்கிறாள்.

"இன்னாண்ணா, சால் பாக்கறியா? இவன்கிட்ட மொதல்ல வாங்கனது நான்தான்."

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது.

"அந்த மாடு செத்த வீடு நீங்கதானா?" என்றார் அவர்.

"நான்தான். மாடு செத்துப்போச்சு. ஊரெல்லாம் இதாலதான்னு சொன்னாங்க. வெக்கைன்னு பின்னால தெரிஞ்சிது. இந்தாள விஷமான்னு கேட்டேன், தெரியாதுன்னான். மிளகா பூரா போச்சு. ராகி பாதி போச்சு."

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இதோடு முடிந்தது, ஆம்பூருக்கு நடக்கவேண்டியதுதான் என்று சாலை மடிக்கக் குனிந்தேன்.

குடியானவர் அவளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப எந்தச் சால்ல எறைக்கிற?"

"அதேதான். ஒரு தையல்கூடப் பிரியல. எம் பொண்ணு அதுலதான் குடிக்கிது."

அவர் குனிந்து, என் கையிலிருந்த சாலை வாங்கி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கையை வேட்டியில் துடைக்கவில்லை.

"கூட வந்து கட்டிக் குடுப்பியா?" என்றார்.

நான் அவர் வண்டியில் ஏறிக்கொண்டேன். அவர் கிணறு வாணியம்பாடி ரோட்டுப் பக்கம் இருந்தது. சாலைக் கட்டி, மாட்டைப் பூட்டி, முதல் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, நுகத்தை அவிழ்த்ததும் இரண்டு மாடுகளும் குனிந்து குடித்தன. அவர் என்னைப் போகச் சொன்னார். நான் போகவில்லை. வெயில் சாயும்வரை அந்த வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து, மாடுகள் அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.